பயணத்தில் வாங்கி வந்த டானி போர்ட் ஏன் ஏமாற்றுகிறது?

போர்ச்சுகல் போய்த் திரும்புகிறவர்கள் பலரின் பெட்டியில் வண்ணம் தீட்டிய பீங்கான் ஓடு ஒன்று இருக்கும், தக்கையில் செய்த கைப்பை இருக்கும், ஒரு புட்டி போர்ட் ஒயினும் இருக்கும். ஓடு சுவருக்குப் போய்விடும், பை புழக்கத்துக்கு வந்துவிடும். புட்டி மட்டும் ஏதோ ஒரு நல்ல நாளை எதிர்பார்த்து அலமாரியிலேயே நிற்கும். ஒயின் என்றால் வைக்க வைக்கச் சுவை கூடும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோமே! பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் திறந்தால் தக்கை பொடிந்து உள்ளே விழுகிறது. ஊற்றினால் மங்கிய பழுப்பு. வாயில் முதலில் இனிப்பு, முடிவில் சாராயக் காரம், இடையில் எதுவுமே இல்லை.

‘இதற்கா இவ்வளவு பெயர்?’ என்று கேட்கத் தோன்றும். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது வேறு வகைப் போர்ட். உங்கள் புட்டியில் இருந்தது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: தொடக்கத்திலேயே எளிமையாகச் செய்யப்பட்ட சரக்கு, அல்லது நல்லதாகவே செய்யப்பட்டு அலமாரியில் நின்று நின்றே சோர்ந்துபோனது. எது என்று கண்டுபிடிக்க, போர்ட் எப்படி உருவாகிறது, உங்கள் புட்டியில் இருந்த டானி என்ற பழுப்பு நிறப் போர்ட் எங்கே முதிர்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

பாதியில் நிறுத்திய ஒயின்

போர்ட்டுக்கான திராட்சை வளர்வது போர்ச்சுகலின் வடக்கே, டோரோ ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள செங்குத்தான மலைச்சரிவுகளில். மண் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. அடுக்கடுக்காகப் பிளக்கும் பலகைப்பாறைதான். கோடையில் கடும் வெயில். டூரிகா நாசியோனல், டூரிகா ஃபிராங்கா, டின்டா ரோரிஸ் போன்ற உள்ளூர்த் திராட்சைகளை அங்கே கலந்தே பயன்படுத்துவது வழக்கம்.

சாதாரண ஒயினில் ஈஸ்ட், சாற்றிலுள்ள சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். போர்ட்டில் அதை முடிக்க விடுவதில்லை. நொதித்தல் தொடங்கி இரண்டு மூன்று நாளில், ஆல்கஹால் ஆறேழு சதவீதத்தைத் தொடும்போது, 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுவார்கள். மரபான கணக்கு: 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம், இரண்டும் சேர்ந்தால் ‘பைப்’ என்று அவர்கள் அழைக்கும் 550 லிட்டர் பீப்பாய் ஒன்று நிறையும். அவ்வளவு ஆல்கஹாலில் ஈஸ்ட் பிழைக்காது. தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே தங்கிவிடும். போர்ட்டின் இனிப்பு இப்படித் திராட்சையிலிருந்தே வருவது. பின்னால் யாரும் சர்க்கரை கொட்டுவதில்லை. முடிவில் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம், சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம்.

இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒயின் வயதாகிச் சோரும்போது பழ வாசனை போகும், நிறம் போகும். சர்க்கரையும் ஆல்கஹாலும் எங்கும் போவதில்லை. கெட்டுப்போன புட்டியில் மிஞ்சுவதும் அவை இரண்டுதான். சர்க்கரைப் பாகில் சாராயம் கலந்ததுபோல் நாக்கில் பட்டதற்கு இதுவே விளக்கம்.

சாராயம் சேர்க்கும் வழக்கம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சுடன் சண்டையிட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்து, பிரெஞ்சு ஒயினுக்குப் பதில் போர்ச்சுகல் பக்கம் திரும்பியது. 1703இல் கையெழுத்தான மெத்யூன் ஒப்பந்தம் போர்ச்சுகீசிய ஒயினுக்கு வரிச்சலுகை தந்தது. கடல் பயணத்தில் கெடாமல் இருக்கக் கொஞ்சம் சாராயம் சேர்த்தார்கள். அது மெல்ல மெல்ல நொதித்தலை இடையில் நிறுத்தும் முறையாக மாறியது. வியாபாரம் பெருகியதும் கலப்படமும் பெருகியது. 1756இல் போர்ச்சுகல் அரசின் முதலமைச்சராக இருந்தவர் (பின்னாளில் பொம்பால் பிரபு) டோரோவின் திராட்சைப் பகுதிக்கு எல்லை வகுத்துக் கருங்கல் நட்டார். சட்டத்தால் எல்லை குறிக்கப்பட்ட உலகின் மிகப் பழைய ஒயின் பகுதிகளில் அது ஒன்று. ஆனாலும் எல்லோருக்கும் திருப்தியில்லை. டோரோவின் வரைபடம் தீட்டிய ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் என்ற வணிகர், நல்ல ஒயினில் சாராயம் ஊற்றுவதே தவறு என்று 1844இல் துண்டுப்பிரசுரம் எழுதிச் சக வணிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1861இல் அதே ஆற்றின் வலெய்ரா நீர்ச்சுழலில் படகு கவிழ்ந்து இறந்தார். அவர் வாதம் தோற்றது நல்லதுதான் என்பது என் எண்ணம். ஜெயித்திருந்தால் டானியே இருந்திருக்காது.

பீப்பாயில் வளர்வதும் புட்டியில் வளர்வதும்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. சாராயம் சேர்த்த இளம் போர்ட் கருஞ்சிவப்பாக, துவர்ப்பாக, முரடாக இருக்கும். அதை எதில், எவ்வளவு காலம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது வேறுவேறு ஒயினாக மாறும்.

காற்று அதிகம் படாமல் பெரிய தொட்டிகளில் இரண்டு மூன்று ஆண்டு வைத்துப் புட்டியில் அடைத்தால் அது ரூபி. சிவப்பும் பழச்சுவையும் குறையாமல் இருக்கும். மிகச் சிறந்த ஆண்டுகளின் மிகச் சிறந்த திராட்சையை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று ஆண்டிலேயே வடிகட்டாமல் புட்டியில் அடைப்பது வின்டேஜ். இதுதான் அலமாரியில் இருபது, நாற்பது ஆண்டுகள் படுக்கவைத்து வளர்க்கப்படும் போர்ட். அதன் வண்டலும் துவர்ப்பும் புட்டிக்குள் அடைத்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும். ‘போர்ட்டை வைத்திருந்தால் நல்லது’ என்ற பேச்சு இந்த ஒரு வகையைப் பற்றியது.

டானியின் வழி இதற்கு நேர் எதிர். அதைப் பழைய மரப்பீப்பாய்களில் வைப்பார்கள். மரத்தின் வாசனை ஒயினில் ஏறக்கூடாது; மரத்தின் வழியே காற்று மட்டும் மெல்லக் கசிய வேண்டும். அதனால்தான் புதுப் பீப்பாயைத் தவிர்க்கிறார்கள். அந்தக் கசிவில் நிறப்பொருள்கள் உதிர்ந்து அடியில் படியும். கருஞ்சிவப்பு முதலில் செங்கல் நிறமாகும், பிறகு தேன் பழுப்பாகும். மிக வயதான டானியில் கோப்பையின் விளிம்பில் ஒரு பச்சைச் சாயலே தெரியும். புதுப் பழத்தின் வாசனை விலகி, வாதுமை, உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், கருகாத சர்க்கரைப் பாகு என்று வேறு வாசனைகள் வரும். ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் ஆவியாகிப் போவதால், மிஞ்சியதில் இனிப்பும் புளிப்பும் இறுகும். நல்ல இருபதாண்டு டானி வெறும் இனிப்பாகத் தோன்றாமல் இருப்பது அந்தப் புளிப்பின் தயவால்.

இந்த முதிர்ச்சிக்கு இடமும் முக்கியம். டோரோ பள்ளத்தாக்கின் வெப்பத்தில் ஒயின் அவசரமாக முதிர்ந்து கருகிய சுவை பெறும் என்பதால், பீப்பாய்களை ரபேலோ என்ற தட்டையான பாய்மரப் படகுகளில் ஏற்றி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அனுப்பினார்கள். போர்ட்டோ நகருக்கு எதிர்க்கரையில் இருக்கும் விலா நோவா டி கையாவில், அட்லாண்டிக்கின் ஈரக்காற்று படும் கிடங்குகளில், அவை நிதானமாக முதிர்ந்தன. 1986 வரை ஏற்றுமதியாகும் போர்ட் எல்லாம் கையா வழியாகத்தான் போக வேண்டும் என்றே சட்டம் இருந்தது. இப்போது ஆற்றின் குறுக்கே அணைகள் வந்துவிட்டன, ரபேலோக்கள் கையா கரையில் நிறுவனப் பெயர் தாங்கிய பாய்களோடு படம் பிடிக்க நிற்கின்றன. உங்கள் புட்டி அநேகமாக அந்தக் கரையோரத்துக் கடை ஒன்றில் வாங்கியதாக இருக்கும்.

ஆக, டானியின் வயது முழுவதும் பீப்பாயில் கழிந்தது. வண்டலைப் பீப்பாயிலேயே விட்டு, வடிகட்டி, குடிக்கத் தயாரான நிலையில்தான் அதைப் புட்டிக்கு மாற்றுகிறார்கள். பத்தாண்டு டானியை வாங்கி வீட்டில் பத்தாண்டு வைத்தால் அது இருபதாண்டு டானி ஆகாது. பத்தாண்டு புட்டிக்குள் கிடந்த, வாட்டம் கண்ட பத்தாண்டு டானியாகவே இருக்கும்.

எண் இல்லாத டானி

இனி உங்கள் புட்டியின் லேபிளைப் பாருங்கள். 10, 20, 30, 40 என்று ஏதாவது எண் இருக்கிறதா? அண்மையில் 50 ஆண்டு வகையும் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. எண் இல்லாமல் வெறும் டானி என்று மட்டும் இருந்தால், நான் இப்போது வருணித்த நீண்ட பீப்பாய் வாழ்க்கை அதற்கு வாய்க்கவில்லை.

எண் இல்லாத டானி பெரும்பாலும் மூன்று ஆண்டு வயது ஒயின், அதாவது அதே நிறுவனத்தின் ரூபிக்கு ஏறத்தாழ சம வயதினன். மூன்று ஆண்டில் பீப்பாய் அவ்வளவு நிறத்தை எடுத்துவிட முடியாது. அப்படியானால் வெளிர்நிறம் எங்கிருந்து வந்தது? நிறம் குறைவான திராட்சையைத் தேர்ந்தெடுத்து, தோலை அதிகம் பிழியாமல் செய்திருப்பார்கள். வெள்ளைப் போர்ட் கொஞ்சம் கலந்து நிறத்தை இளக்குவதும் உண்டு. இதில் சட்டவிரோதமோ மோசடியோ ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கு முன் குளிரவைத்து ஒரு சிறு கோப்பை குடிக்க அது போதும். பிரான்சில் பெரும் அளவில் விற்பதும் அப்படித்தான். எனக்கு இதில் ஒரே வருத்தம்: இருபதாண்டு பீப்பாயில் கிடந்ததும் மூன்றாண்டில் வெளிவந்ததும் ஒரே பெயரில் அடுத்தடுத்து அலமாரியில் நிற்கின்றன, முதல்முறை வருகிறவருக்கு வித்தியாசம் சொல்ல அங்கே ஆளில்லை. நினைவுப்பொருளாக விற்கும் சேவல் வடிவப் புட்டி, பீங்கான் புட்டி, படகு மேல் படுக்கவைத்த குட்டிப் புட்டி ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் இந்த எளிய வகை. காசு வடிவத்துக்குப் போகிறது, ஒயினுக்கு அல்ல.

எண் இல்லாததற்கும் எண் போட்டதற்கும் இடையில் ரிசர்வ் டானி என்று ஒன்று உண்டு. ஆறேழு ஆண்டு மரத்தில் இருந்தது, கொடுத்த காசுக்குப் பெரும்பாலும் நியாயம் செய்யும். கொல்யேட்டா என்று போட்டு ஓர் ஆண்டைக் குறிப்பிட்டிருந்தால், அது அந்த ஒரே ஆண்டின் அறுவடையிலிருந்து செய்து குறைந்தது ஏழு ஆண்டு மரத்தில் வைத்த டானி. ஆண்டைப் பார்த்து இதை வின்டேஜ் என்று நினைத்துப் பூட்டி வைப்பவர்கள் உண்டு. வேண்டாம், கொல்யேட்டாவும் பீப்பாயிலேயே வளர்ந்து முடிந்ததுதான்.

20 என்ற எண்ணுக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு துளியும் இருபது வயது என்று பொருளில்லை. பல வயதுப் பீப்பாய்களைக் கலந்து, இருபதாண்டு டானிக்கு உரிய குணம் வரும்படி செய்வது கலவையாளரின் கைத்திறன். அந்தக் குணம் இருக்கிறதா என்று டோரோ, போர்ட்டோ ஒயின்களுக்கான அரசு நிறுவனத்தின் சுவைக்குழு பார்த்து ஒப்புதல் தந்தால்தான் எண்ணைப் போட முடியும். தக்கைக்கு மேலாக ஒட்டியிருக்கும் எண்ணிட்ட காகிதப் பட்டை அந்த நிறுவனத்தின் முத்திரை. அது போர்ட்தான் என்பதற்கு அத்தாட்சி. எந்தத் தரத்துப் போர்ட் என்பதை லேபிள்தான் சொல்ல வேண்டும்.

அலமாரி செய்த வேலை

எண் போட்ட நல்ல டானியே ஏமாற்றியதா? அப்படியானால் பின்பக்க லேபிளில் புட்டியில் அடைத்த ஆண்டைத் தேடுங்கள். வயது எண் கொண்ட டானியிலும் கொல்யேட்டாவிலும் அது அச்சிடப்பட்டிருக்கும். பலரும் கவனிக்காமல் விடும் இந்தச் சிறு எழுத்து, முன்பக்கத்துப் பெரிய எண்ணுக்குச் சமமான செய்தி. அடைத்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் திறந்தால் டானி அதன் முழு அழகில் இருக்கும். அதற்குப் பிறகு உடனே கெட்டுவிடாது, ஆனால் மேலே ஏறவும் செய்யாது. வாதுமை வாசனை மங்கும், புளிப்பின் கூர்மை இனிப்புக்குள் அமிழும், அடைபட்ட பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு பழைய நெடி சேரும்.

வேகமாகச் சோர்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. அழகுக்காக நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் அடைத்து, வெளிச்சம் விழும் இடத்தில் காட்சிக்கு வைத்தால் ஒளியே ஒயினைக் கெடுக்கும். அடுப்புப் பக்கம், கூரைக்கு அடியில் என்று சூடு ஏறி இறங்கும் இடங்கள் இன்னும் மோசம். டானிக்கு வழக்கமாகப் போடுவது கையால் திருகி எடுக்கும், தலையில் பிளாஸ்டிக் மூடி வைத்த குட்டைத் தக்கை. சீக்கிரம் திறந்து குடிப்பதற்கென்றே செய்தது அது. நிமிர்த்தி வைப்பதே சரி. ஆனால் பதினைந்து ஆண்டு நின்றால் காய்ந்து பிளக்கும், காற்றை உள்ளே விடும். 50 மில்லி குட்டிப் புட்டிகளில் ஒயின் கொஞ்சம், உள்ளே அடைபட்ட காற்று அதோடு ஒப்பிட்டால் அதிகம். அவற்றைத் திறக்காமல் அழகு பார்ப்பதே மேல்.

கோப்பையில் கண்டுபிடிப்பது

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும்: பழுப்பு நிறமும் கொட்டைப்பருப்பு வாசனையும் டானியின் இயல்பு. கருஞ்சிவப்பில் பழச்சாறுபோல் எதிர்பார்த்துத் திறந்தவருக்கு நல்ல டானியும் கெட்டுப்போனதுபோல் தோன்றும். அவருக்குப் பிடிப்பது ரூபியாக இருக்கலாம், அதில் குற்றமில்லை.

உண்மையான பழுதை மூக்கு காட்டிக்கொடுக்கும். நனைந்த அட்டையின் வாடை அடித்தால் தக்கையிலிருந்த மாசு ஒயினில் இறங்கியிருக்கிறது. வினிகரோ நகப்பூச்சு நீக்கும் திரவமோ நினைவுக்கு வந்தால் அமிலம் எல்லை மீறிவிட்டது. இரண்டும் இல்லாமல், வாசனையே அதிகமில்லாமல், இனிப்பும் காரமும் மட்டும் தட்டையாக இருந்தால், முன்பு சொன்ன இரண்டு காரணங்களில் ஒன்று. புட்டியில் அடைத்த ஆண்டு அண்மையது என்றால் தயாரிப்பே எளியது. பழையது என்றால் அலமாரியைக் குறை சொல்லலாம். எண் இல்லாத மலிவு டானியைப் பல ஆண்டு வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கும். நினைவுப்பொருள் புட்டிகளில் மிகுதியாக நடப்பது இதுதான்.

கொட்டுவதற்கு முன் ஒரு வாய்ப்பு கொடுங்கள். வெதுவெதுப்பான போர்ட்டில் சாராய நெடி முந்திக்கொண்டு வரும். 10 முதல் 14 டிகிரி வரை குளிரவைத்து, வாசனை தங்க மேலே இடம் விட்டு, சாதாரண ஒயின் கோப்பையில் கால்வாசி ஊற்றிப் பாருங்கள். விரல் உயரக் கோப்பையை விளிம்புவரை நிரப்பிக் குடித்தால் எந்த போர்ட்டும் வாசனை காட்டாது. தக்கை பொடிந்து விழுந்திருந்தால் மெல்லிய வடிகட்டி போதும். அடைபட்ட நெடி மட்டும்தான் குறை என்றால், ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் கொஞ்சம் கலையும்.

அப்போதும் தேறவில்லையா? வயது போன டானி உடம்புக்கு நஞ்சு அல்ல, சுவைதான் இல்லை. அடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டவைத்தால் ஆல்கஹால் பெருமளவு பறந்துவிடும், இனிப்பு கெட்டிப்படும். அதில் பேரிக்காயை வேகவைக்கலாம், இறைச்சிக் குழம்புச் சாறில் சேர்க்கலாம். எளிய இளம் டானி என்றால் பனிக்கட்டி, டானிக் தண்ணீர், ஆரஞ்சுத் துண்டு சேர்த்து நீட்டிக் குடிக்கலாம். போர்ச்சுகலில் வெள்ளைப் போர்ட்டை இப்படிக் குடிப்பது பரவலான வழக்கம். அட்டை வாடை அடிப்பதைச் சமையலுக்கும் எடுக்காதீர்கள்.

அடுத்த முறை கையாவுக்குப் போனாலோ யாராவது போகிறார்கள் என்றாலோ, வடிவப் புட்டிகளைத் தாண்டி நேரே கிடங்குகளின் சுவைக்கூடத்துக்குப் போவது நல்லது. பத்தும் இருபதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோப்பைக் கணக்கில் தருவார்கள். என்னைக் கேட்டால், விலைக்கும் சுவைக்கும் நடுவில் சரியாக உட்காருவது இருபதுதான். பத்தில் பழம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், நாற்பதுக்குக் கொடுக்கும் விலையில் பாதி அந்த எண்ணுக்கே. முழுப்புட்டி அதிகம் என்றால் அரைப்புட்டியும் விற்கிறார்கள். எதை எடுத்தாலும் திருப்பிப் பார்த்து அடைத்த ஆண்டு எது என்று படித்துவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு அந்த ஆண்டுக்குள்ளேயே திறந்தும்விடுங்கள். காற்றோடு பழகியே வளர்ந்தது என்பதால் திறந்த டானி ஒரே இரவில் வீணாகாது: எளிய டானி மூன்று நான்கு வாரம், வயது எண் கொண்டது அதற்கும் மேல், மூடி குளிர்பெட்டியில் வைத்தால் தாங்கும்.